நோஞ்சான் குட்டிக்கு ஒரு வீடு

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின்னால் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் முன்னே வந்து தரையில் உட்காரலாம். இந்தப் பேச்சில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

ஒரு பூனை நாலைந்து குட்டி போட்டால் அதில் ஒன்று நோஞ்சானாக இருப்பது உண்டு. மற்றவை கொழுகொழுவென்று தாயின் மடியில் முட்டிக் குடித்துக்கொண்டிருக்கும். இது மட்டும் ஓரமாகத் தள்ளப்பட்டு, தோல் தளர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு கிடக்கும். பார்த்தவர்கள் "இது தேறாதுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உயிரியல் ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்தே இப்படிக் கைவிடப்பட்ட குட்டிகளை வளர்த்து, வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். வந்த குட்டிகள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. ஆனால் இறந்தவற்றில் பலவற்றைக் கொன்றது குளிர், இல்லாவிட்டால் பசி, இல்லாவிட்டால் நல்ல மனதோடு யாரோ ஊற்றிய பசும்பால். மூன்றையும் தடுக்கலாம். இரக்கத்தோடு கூட ஒரு சமையலறைத் தராசும், நேரம் தவறாத ஆளும் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப் பிழைத்த குட்டிக்கும் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. மூன்று மாதத்தில் பொருந்தாத வீட்டுக்குப் போய், ஐந்தாம் மாதத்தில் சாக்குப்பையில் மீன் மார்க்கெட்டுக்கு வந்து சேருவது. அதனால்தான் வளர்ப்பதையும் வீடு பார்ப்பதையும் நான் ஒரே வேலையாகக் கருதுகிறேன். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை அலட்சியமாகச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் ஒன்று மட்டும் மெலிந்து பிறக்கிறது? பூனையின் கருப்பை இரண்டு கிளையாகப் பிரிந்தது. குட்டிகள் அதில் வரிசையாக வளர்கின்றன. எல்லா இடத்திலும் நஞ்சுக்கொடிக்கு ஒரே அளவு இரத்தம் போய்ச் சேருவதில்லை. குறைவாகக் கிடைத்தது எடை குறைந்து பிறக்கிறது. கடைசியாகப் பிறந்ததுதான் நோஞ்சான் என்பார்கள்; அப்படி விதி ஒன்றும் கிடையாது. பிறந்த பிறகு போட்டி மடியில் நடக்கிறது. சில நாளிலேயே குட்டிகள் தமக்கென்று ஒரு காம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலுவில்லாதது முட்டித் தள்ளப்படும். அதைவிடப் பெரிய இழப்பு சீம்பால். பூனையின் வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் நோய் எதிர்ப்புப் பொருள் மிகக் குறைவு. பெரும்பகுதி முதல் நாள் குடிக்கும் பாலில்தான் வருகிறது. அந்த ஒரு நாள் கடந்துவிட்டால் குடல் அதை உறிஞ்சாது.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கிட்டங்கியில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஆள் நடமாட்டம் கூடியதும் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பூனை ஏழு வீடு மாறும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அங்கே சுமை தூக்கும் தம்பி ஒருவர் அதைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "மத்ததெல்லாம் தூக்கிட்டுப் போயிருச்சு டீச்சர். வருமா வருமான்னு பாத்தேன். சத்தமும் நின்னு போச்சு, அதான் எடுத்துட்டு வந்தேன்."

அவர் செய்தது மிகச் சரி. குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தவுடன் தூக்கிவிடக் கூடாது. தாய் இடம் மாற்றும் வேலையில் பாதியில் இருக்கலாம், இரை தேடிப் போயிருக்கலாம். தள்ளி நின்று பார்க்க வேண்டும். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. வயிறு நிறைந்து சூடாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது என்று பொருள். கத்தி ஓய்ந்து, தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. குரலைக் கேட்டுத்தான் தாய் தேடி வரும். குளிர்ந்துபோன குட்டிக்குக் கத்தவும் தெம்பு இருக்காது.

தராசில் வைத்தேன். 68 கிராம். நன்றாகப் பிறந்த குட்டி பிறந்த அன்றே 100 கிராம் அளவில் இருக்கும். இதற்குத் தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து நாலைந்து நாள் இருக்கலாம். கண் திறக்கவில்லை, காது மடல் தலையோடு படிந்திருந்தது. முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, தோலோடு உடைத்த உளுந்து மாதிரி. அதனால் உளுந்து என்றே பெயர் வைத்தோம். வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன். வாய் குளிர்ந்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு 35, 36தான் இருக்கும். குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் அந்த வயதில் வந்திருக்காது. கூடப் பிறந்தவற்றோடு ஒட்டிக்கிடந்தால் சமாளித்துவிடும். தனிக்குட்டிக்கு அந்த வழியில்லை. உடம்பு குளிர்ந்தால் குடலின் அசைவு நின்றுபோகிறது. அப்போது ஊற்றும் பால் செரிக்காமல் வயிற்றில் கிடந்து கெடும். விழுங்கும் வலுவும் இல்லாததால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எனவே முதலில் சூடு, பிறகுதான் பால். பசியால் வாடுகிறதே என்று பதறி உடனே பால் புகட்டப் போகிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

மதுரை வெயிலில் குளிரா என்று கேட்பீர்கள். முதல் வாரக் குட்டியைச் சுற்றி 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். ஐப்பசி மழையிலும், மார்கழி இரவிலும், ஃபேன் ஓடும் அறையின் சிமென்ட் தரையிலும் அது கிடைக்காது. ஒரு அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் ஊர்ந்துபோக இடம் இருக்க வேண்டும். முன்பெல்லாம் அறுபது வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடுவோம். இப்போது வீடுகளில் இருக்கும் எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர குட்டிக்கு வேண்டிய சூட்டைத் தராது. சூடேற்றுவதும் மெதுவாக நடக்க வேண்டும். அடுப்பருகே வைத்து ஐந்து நிமிடத்தில் சூடாக்கினால் அதுவே உயிருக்கு ஆபத்து. உளுந்தை என் மார்போடு அணைத்து, புடவைத் தலைப்பால் மூடி உட்கார்ந்திருந்தேன். வாய்க்குள் வெதுவெதுப்பு வந்த பிறகு ஈறில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தடவினேன். நாக்கு அசைந்தது. அதன்பிறகுதான் பாலைக் கரைத்தேன்.

என்ன பால்? பூனைப்பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை அதிகம். அது குட்டிக்கு வயிற்றுப்போக்கைத் தரும். 68 கிராம் உடம்புக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கே போதும். பூனைக்குட்டிக்கென்றே தயாரித்த பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. உடனே கிடைக்காவிட்டால் ஆட்டுப்பாலை வைத்து ஒரு இரவைக் கடத்தலாம். அதை வைத்தே வளர்க்க முடியாது.

பால் புகட்டும் விதம் பாலைப் போலவே முக்கியம். நம் குழந்தையை மடியில் மல்லாத்திப் புகட்டிப் பழகிய கைகள் குட்டியையும் மல்லாத்திவிடும். கூடவே கூடாது. தாயிடம் குடிக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி, வயிறு கீழே இருக்க, முன்கால்கள் மடித்த துண்டின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் மணிக்கட்டில் பட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பாலை எடுத்து, வாயோரமாக வைத்து, ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். அது விழுங்கும்போது தொண்டை அசைவது தெரியும். பிறகு அடுத்த சொட்டு. நன்றாகக் குடிக்கத் தொடங்கினால் நாக்கு குழாய்போல் சுருண்டுகொள்ளும், காதுகள் முன்னும் பின்னும் ஆடும். அதைப் பார்ப்பதற்காகவே இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்கலாம். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள்; அண்ணம் பிளந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் புகட்ட வேண்டும், இரவிலும்.

குடித்து முடித்ததும் இன்னொரு வேலை. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. தாய் நக்கித்தான் வரவழைக்கும். நாம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்ல வருடிவிட வேண்டும். வெளிறிய மஞ்சளாக வந்தால் நல்லது. அடர்ந்த நிறமாக வந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

இனி தராசு. நல்ல நிலையில் இருக்கும் குட்டி ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். உளுந்து முதலில் சரியாக ஏறவேயில்லை. ஒருநாள் காலையில் முந்தின நாளைவிட மூன்று கிராம் குறைந்திருந்தது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை, பாலும் குடித்தது. அந்த மூன்று கிராமை நம்பித்தான் மருத்துவரிடம் ஓடினேன். அவர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் கூடாரம்போல் நின்றது. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். மறுநாள் எடை திரும்பியது, அதற்குப் பிறகு இறங்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு கணக்கு நோட்டில் அந்த எண்களை எழுதி வந்தார்கள். நூறைத் தொட்ட அன்று அவர்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

மருந்து விஷயத்தில் ஒரே வேண்டுகோள். வீட்டில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். மனிதர் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் ஆபத்து. தெள்ளுப்பூச்சியைச் சீப்பால் வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சிறு குட்டியின் இரத்தத்தை அவை குடித்தே தீர்த்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சி மருந்தும், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசிகளும், மூன்று மாதத்தில் போடும் வெறிநோய்த் தடுப்பூசியும் மருத்துவர் கையால் நடக்கட்டும்.

பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது என்றேன். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்பவர் 1980களில் பூனைக்குட்டிகளை வைத்து ஆய்வு செய்தார். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை தினமும் மனிதர் கையில் இருந்து பழகிய குட்டிகள் வளர்ந்த பிறகும் மனிதரை நாடின. அந்த வாரங்கள் போன பிறகு பழக்குவது கடினம். நல்ல வீடு கிடைப்பதற்கான அஸ்திவாரம் அப்போதே போடப்படுகிறது. எங்கள் தெருவில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கைகால் கழுவிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவராக உளுந்தை மடியில் வைத்திருப்பார்கள். குக்கர் விசில், மிக்ஸி, பைக் சத்தம் எல்லாம் அதற்கு அந்த வயதிலேயே பழகிவிட்டது. ஆனால் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டக் கூடாது என்பது கண்டிப்பு. கூடப் பிறந்தவை இல்லாமல் வளரும் குட்டிக்கு எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நல்லவேளையாக அப்போது ஒரு செம்பழுப்புக் குட்டியும் வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, நோயில்லை என்று தெரிந்தபின் இரண்டையும் சேர்த்துவிட்டேன். மல்லுக்கட்டி, கடிபட்டு, கத்தி, உளுந்து அளவாகக் கடிக்கக் கற்றுக்கொண்டது.

செம்பழுப்புக் குட்டியைக் கேட்டு உடனே ஆள் வந்துவிட்டது. உளுந்து நின்றுவிட்டது. ஒரு குடும்பம் வந்து மடியில் வைத்துக் கொஞ்சியது. கூட வந்த பாட்டி, "வேணாம்மா, காலையில எந்திரிச்சு இந்தக் கறுப்பு மேலயா முழிக்கிறது?" என்றார். நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்து அனுப்பினால் அந்த வீட்டில் வரும் காய்ச்சலுக்கும் கடனுக்கும் இதுதான் காரணமாக நிற்கும். வீட்டில் இருக்கும் எல்லோரும் மனதார வா என்று சொல்லாத வீட்டுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை.

வருகிறவர்களிடம் நிறையக் கேட்பேன். சிலருக்குக் கோபம்கூட வரும். சைவச் சாப்பாட்டு வீடு என்றால், பூனைக்குத் தனியாகப் பூனை உணவு வாங்கிப் போடுவீர்களா என்று கேட்பேன். தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனைகளை நானும் பார்த்திருக்கிறேன். அவை வெளியில் எலியும் பல்லியும் பிடித்துச் சமாளித்தவை. டாரின் என்கிற அமினோ அமிலத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயம் தளர்ந்து வீங்குவதற்கும் அந்தக் குறைபாடு காரணம் என்பதை 1987இல் கலிபோர்னியாவில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டுபிடித்தார்கள். வீட்டோடு அடைத்து வைத்துத் தயிர்சாதம் போட்டால் பூனை உள்ளுக்குள் நலிந்துபோகும்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள், பூனையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களும் உண்டு. பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம், அது கருவைப் பாதிக்கும். ஆனால் வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வருவதற்கு ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால், கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்தால், சரியாக வேகாத இறைச்சியைத் தவிர்த்துக் காய்கறியைக் கழுவிச் சாப்பிட்டால், பூனையை வெளியேற்ற வேண்டிய தேவையே இல்லை. இதையெல்லாம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. பிறகு பேசினால் பூனை தெருவில் நிற்கும். அதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், இதே மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். விலங்குவதைத் தடுப்புக்காக அவர் அங்கே மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாக 1960இல் சட்டம் வந்தது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிட்டுப் போவது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். மீன் மார்க்கெட்டில் சாக்கை அவிழ்த்துவிடுவதும் அதில் அடங்கும்.

உளுந்தைக் கேட்டு ஒரு தையல்காரப் பெண்மணி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனோடு வந்தார். பையன் கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், அது வரட்டும் என்று காத்திருந்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனாலும் தையல் வீடு என்றதும் தயங்கினேன். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. நூல் வாயில் சிக்கினால் துப்ப வராது, உள்ளேதான் போகும். குடலில் நீளமாக மாட்டிக்கொண்டு அறுத்துவிடும். பூக்கட்டும் நூலும் அப்படித்தான். மல்லிகை கட்டும் ஊரில் இருக்கிறோம், கவனம் வேண்டும்.

வீட்டைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "வாங்க டீச்சர், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். போய்ப் பார்த்தேன். நூல்கண்டுகள் எல்லாம் மூடிபோட்ட பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஊசிகள் மேஜை இழுப்பறைக்குள். மெஷின் இருந்த அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. வேலை முடிந்ததும் வெட்டிய நூல்துண்டுகளைக் கூட்டி உடனே அள்ளிவிடுவாராம். பின்பக்க ஜன்னலுக்கு மட்டும் வலையில்லை. "ஹவுஸ் ஓனரம்மாட்ட கேட்டேன் டீச்சர். வலை அடிச்சுக்கச் சொல்லிட்டாங்க. எலித் தொல்லையும் குறையும்னாங்க." எலி என்றதும், மாடியில் குடியிருக்கும் ஓனரம்மா எலி மருந்து வைக்கிறார்களா என்று விசாரித்தேன். வைப்பார்களாம். அது தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்து. அந்த அம்மாவிடமே மேலே போய்ப் பேசினோம். மருந்தை எடுத்துவிட்டு எலிப்பொறி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

ஜன்னலுக்கு வலை அடித்த பிறகுதான் உளுந்தை அனுப்பினேன். அது படுத்துப் பழகிய துண்டைத் துவைக்காமல் கூடவே கொடுத்தேன். அதன் வாடை புது இடத்தில் தைரியம் தரும். அதே உணவு, அதே மணல், முதல் வாரம் ஒரே அறை. ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம், தானாக வரும் என்று பையனிடம் சொன்னேன். முதல் இரவு தையல் மெஷினுக்கு அடியில் ஒளிந்துகொள்ளுமே என்று அவனுக்குக் கவலை. அந்த அறைக்குத்தான் தாழ்ப்பாள் போட்டாயிற்றே என்று அம்மா சிரித்தார்.

ஐந்தாம் மாதம் முடிவதற்குள் கருத்தடை அறுவை செய்ய வேண்டும் என்பது நான் வைக்கும் கடைசி நிபந்தனை. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடலாம். சுமார் 65 நாளில் குட்டி போடும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் போதிய நீளம் இருப்பதால் எந்த மாதமும் ஈனும். பையனின் அம்மா வாக்குத் தவறாமல் உளுந்தைக் கொண்டுவந்தார். உளுந்துக்கு அன்று எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தது. பையன் தராசின் எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளின் நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசி வரியில் அவன் கையால் எழுதினான்.

இப்போது என் வீட்டில் இரண்டு குட்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இடது கண் தெரியாது. மற்றொன்று முழுக் கறுப்பு. இரண்டும் பிரியமாகப் பழகும், தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஒன்றையொன்று விட்டுப் பிரியாததால் இரண்டையும் சேர்த்தே கொடுக்க விரும்புகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, ஜன்னலை அளந்துகொண்டு வாருங்கள். பால்பவுடரும் சிரிஞ்சும் ஒரு பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். இரவில் எழுந்திருக்கத் தயாராக இருப்பவர்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மழை தொடங்கிவிட்டது, கிட்டங்கிகளிலிருந்து இந்த வாரமே குட்டிகள் வரும்.